திண்ணைப் பதில்கள்: ‘உயரு’ என்றால் இருபத்தைந்து

கே: எங்கள் பாட்டையா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க (கடல் கடந்து வட்டித்தொழில் செய்ய)ப் போன காலத்துப் பேரேடுகள் நான்கு இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன. செல்போனில் படம் எடுத்து ஏஐ செயலியிடம் கொடுத்தால் ஒரே நிமிஷத்தில் தட்டச்சு செய்து தந்துவிடுகிறது. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று இடத்தில் ‘உயர்’ என்று வருகிறது. வட்டிக் கணக்கில் ‘உயர்’ எங்கிருந்து வந்தது? இதை நம்பலாமா?
– கானாடுகாத்தான் வாசகர்

ப: அந்த ‘உயர்’ இருபத்தைந்து ரூபாய். தமிழ் எண்ணில் 2 என்பது ‘உ’ போலிருக்கும் ௨. பத்து என்பது ‘ய’ போலிருக்கும் ௰. ஐந்து ‘ரு’ போலிருக்கும் ௫. பழைய கணக்கில் சுழியம் போட்டு எழுதும் வழக்கம் இல்லை. இரண்டு, பத்து, ஐந்து என்று அடுக்கி ௨௰௫ என்பார்கள். செயலி அதை எழுத்து என்று நினைத்து ‘உயரு’ என்று படித்திருக்கிறது. அப்படி ஒரு சொல் கிடையாதே என்று தானாகவே ‘உயர்’ ஆக்கியும் விட்டது. தப்பாகப் படித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேட்காமல் திருத்துகிறது பாருங்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அடுத்து என்ன வர வாய்ப்பு அதிகம் என்று ஊகித்து எழுதுகிற இயந்திரம் இது. மை அழிந்த இடத்தில் ‘தெரியவில்லை’ என்று விடாது. பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை நிரப்பிவிடும். அதோடு பழைய கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரமும் காலும் (ா) ஒன்றுபோலவே இருக்கும். எகர, ஏகார வேறுபாடும் பல கைகளில் இராது. இவற்றோடு ௶ (பற்று), ௷ (வரவு), ௸ (மேற்படி), ௹ (ரூபாய்) போன்ற குறிகளும் கலந்து வரும். இந்தப் பட்டியலை முதலிலேயே செயலிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தைக் காட்டுங்கள். “வரிக்கு வரி உள்ளபடியே எழுது, கூட்டாதே, திருத்தாதே, தெளிவில்லாத இடத்தில் கேள்விக்குறி போடு, விலாசத்தை விரிக்காதே” என்றும் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னது முக்கியம். விலாசம் என்றால் இங்கே முகவரி இல்லை, கடைக்கு அடையாளமாகப் போடும் குடும்ப முதலெழுத்துகள். மூன்றெழுத்து விலாசத்தைப் பார்த்ததும் அது தன் இஷ்டத்துக்கு ஒரு செட்டியார் பெயரை உண்டாக்கிக் கொடுக்கும்.

படம் எடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். முற்றத்து நிழலில், காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஏட்டை மட்டமாக அமுக்கி விரித்தால் தையல் விட்டுப்போகும். பாதி திறந்த நிலையில் இரண்டு பக்கமும் தலையணை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால் அடியில் ஒரு கறுப்புத் தாளைச் செருகினால் போதும். ஓரத்தில் ஓர் அடிஸ்கேலும் இருக்கட்டும். ஸ்கேன் செயலிகள் பின்னணியை வெள்ளையாக்கும்போது மங்கிய மையையும் சேர்த்து அழித்துவிடுவதால் சாதாரண கேமராவே மேல். மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாகுமென்ட்’ ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிப்போய்ப் பை எது, அணா எது என்றே தெரியாது. லேமினேஷன், செல்லோடேப் இரண்டையும் ஏட்டின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ராமபாணப் பூச்சி நூறு வருஷத்தில் செய்யாத சேதத்தை அவை பத்து வருஷத்தில் செய்துவிடும்.

இனி சரிபார்ப்பு. பேரேட்டில் ஒரு நல்ல குணம் உண்டு. தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. பர்மா 1937 ஏப்ரல் 1 வரை இந்தியாவோடு சேர்ந்திருந்ததால் ரங்கூன் கணக்கும் இதே நாணயத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு வரியையும் பையாக்குங்கள். 25 ரூபாய் 6 அணா 4 பை என்றால் 4,800 + 72 + 4, அதாவது 4,876. எல்லாவற்றையும் கூட்டி, பக்கத்தின் அடியில் ‘ஆக’ என்று போட்டிருக்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். பிழை ஒன்றே ஒன்று என்றால், வித்தியாசம் 192-இன் மடங்காக வந்தால் ரூபாயில் தேடுங்கள். 192-க்குக் குறைவாக, 12-இன் மடங்காக வந்தால் அணாவில். 12-க்கும் குறைந்தால் பையில். சரியாக 180 ரூபாய் உதைத்தால் ௨௰௫-ஐ 205 என்று படித்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

வருஷத்திலும் கவனம் வேண்டும். ‘சுக்கில வருஷம் தை மாதம்’ என்றிருந்தால் செயலி கூசாமல் 1990 என்று சொல்லும். அறுபது வருஷச் சுற்றில் சுக்கில 1869-லும் வந்தது, 1929-லும் வந்தது. சித்திரையில் தொடங்கும் வருஷம் என்பதால் அந்தத் தை 1870 அல்லது 1930 ஜனவரியாக இருக்கும். எது என்பதை முந்தைய ஏட்டின் ஐந்தொகை (கணக்கு முடித்து எழுதும் இருப்புப் பட்டியல்) இருப்பைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனதன் விளைவு. எந்த ஊர் நிலம், என்ன வட்டி, யார் கடன்பட்டது என்ற விவரமெல்லாம் இந்தப் பெட்டிகளில்தான் கிடக்கிறது. கடன்பட்டவரின் பேரப்பிள்ளைக்கும் அது சரித்திரம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒரு வேண்டுகோள்: இலவசச் செயலியில் பேரேட்டுப் பக்கத்தோடு வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்து ஏற்றிவிடாதீர்கள்.

கே: ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலைத் (கூடம்) தரையில் கறை. ஆசிட் விட்டுத் தேய்க்கலாமா?
– ஆ.தெக்கூர் வாசகி

ப: கூடவே கூடாது, ஆச்சி. அது சுட்ட ஓடு இல்லை. கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் வைத்து அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் பட்டால் அந்த வண்ணப் படலமே கரைந்துவிடும். வெறும் தண்ணீர், பிறகு துணியில் தொட்ட தேங்காய் எண்ணெய். மீதியை நடக்கிற கால்கள் பார்த்துக்கொள்ளும்.

கே: கோட்டையூரில் பூர்வீக வீடு, ஆறு பங்காளிகளுக்குப் பாத்தியம். பொங்கலுக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) மட்டும் திறப்போம். சோலாருக்கு 78,000 ரூபாய் மானியமாமே, போட்டுவிடலாமா?
– சென்னையிலிருந்து ஒரு வாசகர்

ப: வேண்டாம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வருஷத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டில் மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? மானியம் கிடைக்கிறதே என்று வாங்குவது, தள்ளுபடி போட்டிருக்கிறார்களே என்று மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்குவது மாதிரி.

ஆள் குடியிருக்கும் வீடு என்றால் கதை வேறு. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். மூன்று கிலோவாட் நம் பக்கத்து வெயிலில் நாளுக்குச் சராசரி 12 யூனிட் தரும். மானியம் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் போகும். உங்கள் இணைப்பு இன்னும் மறைந்த பெரியப்பச்சி (பெரியப்பா) பெயரில் இருந்தால் முதல் வேலை பெயர் மாற்றம். அதற்கு மற்ற ஐந்து பங்காளிகளின் சம்மதம் வேண்டும். அது கிடைக்கிற நாளில் சோலார் இன்னும் மலிவாகியிருக்கும்!

எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 540 வாட் பேனல் ஒன்று 27 கிலோவுக்குக் குறையாது. மூன்று கிலோவாட்டுக்கு ஆறு பேனல், இரும்புச் சட்டத்தோடு 200 கிலோவைத் தாண்டும். நாட்டு ஓட்டையும் அதன் கைமரத்தையும் இதற்காக யாரும் வைக்கவில்லை. ஓட்டை நீக்கிக் கொக்கி போட்டால் அடுத்த ஐப்பசியில் வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு) முழுக்க ஒழுகும். பின்கட்டில் மட்டத் தளம் இருந்தால் அங்கே வையுங்கள். அதுவும் பழைய மெட்ராஸ் தளமாக (மர உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்டது) இருந்தால் துளை போடாமல், கான்கிரீட் கட்டைகளின் கனத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். தளத்து மரம் உளுத்திருக்கிறதா என்று கொத்தனாரை விட்டு முன்னதாகப் பார்த்துக்கொள்வது நல்லது. தெற்கு முகம், 10 டிகிரி சாய்வு. முகப்பின் மேலிருக்கும் கைப்பிடிச் சுவரும் சுதைப் பொம்மைகளும் மாலையில் நீள நிழல் தரும். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் வரிசையே சுணங்கும்.

கரண்ட் போனால் சோலார் ஓடும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. பேட்டரி இல்லாமல் மின் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கரண்ட் போன நொடியில் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கழுவும்போது விடியற்காலையில், நல்ல தண்ணீரில். நண்பகலில் கொதிக்கிற கண்ணாடிமேல் போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும். விரிசலும் விழலாம்.

கே: முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவர் என்பது உண்மையா, சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்கிற கதையா? எங்கள் வீட்டில் கீழ்ச்சுவர் பொரிந்து உதிர்கிறது. சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை.
– பள்ளத்தூர் வாசகர்

ப: உண்மைதான். ஆனால் சுவர் முழுக்க முட்டை இல்லை. கடைசி மெல்லிய பூச்சில் மட்டும், அரைத்துச் சலித்த சுண்ணாம்போடு சேரும். பளபளப்பில் பாதி, கல்லால் விடாமல் தேய்த்த கையின் வேலை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத் திரும்பவும் கல்லாகிறது. வெள்ளைக்கருவின் புரதம் அதைப் பிணைத்து ஈரம் ஏறாமல் காக்கிறது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் உள்பூச்சுக்கு.

உங்கள் சுவர் பொரிவதற்குக் காரணம் நீங்கள் பூசிய சிமெண்டேதான். தரையிலிருந்து செங்கல் வழியே ஏறும் ஈரம், சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் ஓர் அடி மேலே ஏறி, அங்கே உப்புப் பூத்து, பழைய பூச்சைத் தள்ளுகிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலும் இதே வினைதான், கொப்புளமாக வரும். சிமெண்டைச் செதுக்கி எடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். குறைந்தது பதினைந்து நாள் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் இரண்டரைப் பங்கு. சுவரை நனைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பூசி, ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடிவையுங்கள். கொத்தனார் “ஒரு கை சிமெண்ட் போட்டா சீக்கிரம் பிடிக்கும்ணே” என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கே: ஆத்தா தேவகோட்டையில் தனியாக இருக்கிறார், நாங்கள் சிங்கப்பூரில். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, அவரை எப்படித் தயார்ப்படுத்துவது?
– ஒரு வாசகி

ப: முதலில் ஒரு வரியை அவர் மனதில் ஏற்றுங்கள்: வீடியோ காலில் கைது செய்வது என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. காக்கிச் சட்டை தெரிந்தாலும் சரி, பின்னால் அசோகச் சின்னம் தெரிந்தாலும் சரி, போனை வைத்துவிடலாம். வைத்தால் குற்றமில்லை.

இரண்டாவது, கல்யாண அழைப்பு. அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது செயலி. தொட்டு நிறுவினால் குறுஞ்செய்தியாக வரும் ஓடிபியை அங்கிருந்தே படிப்பார்கள். அவர் போனின் அமைப்புகளில் ‘தெரியாத செயலிகளை நிறுவுதல்’ என்பதை வாட்ஸ்அப்புக்கு நீங்களே அணைத்துவைத்துவிட்டு வாருங்கள். கூரியர்காரன் சொன்னான் என்று *401* எனத் தொடங்கும் எண்ணை அழுத்தியிருந்தால் அழைப்புகள் வேறு போனுக்குத் திரும்பியிருக்கும். ##002# அழுத்தினால் ரத்தாகும். வங்கிச் செயலியில் நாள் வரம்பை அவர் மாதச் செலவுக்கு ஏற்றபடி குறைத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால் அந்தப் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பிறகு வங்கி. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தினால்தான் மிஞ்சும். அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. மிரட்டல் செய்திகளைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி.

இப்போது பேரன் குரலிலேயே பேசிப் பணம் கேட்கிறார்கள். “உன் கோயில் எது, பிரிவு எது?” என்று குலக் கோயில் விவரத்தைக் கேட்டுச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நம் ஊருக்கு அது உதவாது. கோயில், பிரிவு, விலாசம், அமெரிக்காவில் இருக்கும் மகனின் போன் நம்பர் வரை எல்லாவற்றையும் நாமே டைரக்டரியாக அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறோம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ஆத்தா வளர்த்த பசுவின் பெயர்கூட ஆகும். அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாமல், அடுத்த முறை ஊருக்கு வரும்போது நேரில் சொல்லிவிட்டுப் போங்கள்.