பத்துப் பக்கத்துக்கு அரை மணி நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் ரங்கூனில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது. பள்ளியில் பர்மிய மொழி, ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் தமிழ். எழுத்துக் கூட்டிப் படிப்பான். ஆனால் வீட்டில் எப்போதும் கையில் போன்தான். 'பத்துப் பக்கம் படித்தால் அரை மணி நேரம் கேம்' என்று ஆசை காட்டினோம். கொஞ்ச நாள் படித்தான். இப்போது பக்கத்தைச் சும்மா புரட்டிவிட்டுப் போனைக் கேட்கிறான். என் அப்பா வாடகைக் கடையில் புத்தகம் எடுத்து விடிய விடியப் படித்தவர். அவருடைய பேரன் இப்படி இருக்கிறானே!

ஒரு வாசகி, ரங்கூன்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பத்துப் பக்கக் கணக்கை நிறுத்திவிடுங்கள். போன்தான் பரிசு, புத்தகம் அதற்காகச் செய்யும் கூலி வேலை என்று நாமே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைகிற பிள்ளைகளில் சிலருக்கு மட்டும், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசுப் பேச்சே இல்லாமல் விட்டபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். இருந்த ஆசையே அப்படிக் குறையும் என்றால், இனிமேல்தான் வர வேண்டிய ஆசை என்னாவது?

அவன் ஏன் சும்மா புரட்டுகிறான் என்பதையும் பாருங்கள். தமிழில் 247 எழுத்து. பர்மிய மொழியில் 33 மெய்யெழுத்து, அதோடு சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாத எழுத்துமுறை. எட்டு வயதில் இரண்டையும் சுமக்கிறான். எழுத்துக் கூட்டி வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். கதை எப்படிப் பிடிக்கும்? அதே கதையைக் காதால் கேட்டால் அவனுக்கு எல்லாம் புரியும்.

அதனால் நீங்கள் படித்துக் காட்டுங்கள். தினமும் கால் மணி நேரம் போதும். பக்கத்தில் ஒட்டி உட்காரவைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே படியுங்கள். கரடிக்குக் கரடிக் குரல், கிழவிக்குக் கிழவிக் குரல். கரடி குகைக்குள் தலையை நீட்டுகிற இடத்தில் நிறுத்தி, அடையாளத்துக்கு ஒரு சீட்டு வைத்துவிட்டு, அடுப்பில் சோறு பார்க்கப் போங்கள். புத்தகம் அங்கேயே திறந்து கிடக்கட்டும். திரும்பி வரும்போது அவன் அடுத்த வரியைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்காத மாதிரி இருங்கள். அப்புறம், கதை முடிந்ததும் 'என்ன நீதி?' என்று கேட்கவே கேட்காதீர்கள்.

பர்மியக் கதை கேட்டால் அதையும் படியுங்கள். 1960களில் நம் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கோயில் வகுப்பும் வீடும்தான் இங்கே தமிழைத் தாங்கி நிற்கின்றன. பர்மியப் படிப்பு தமிழை விழுங்கிவிடும் என்று நம் பெரியவர்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும், ஒரு மொழியில் கதைப் பைத்தியம் பிடித்த பிள்ளையைத் தமிழுக்குக் கூட்டி வருவது சுலபம். வாசிப்பே வேண்டாம் என்கிற பிள்ளையை எந்த மொழிக்கும் இழுக்க முடியாது.

தாத்தாவோடு அவனை ஒப்பிட வேண்டாம், தங்கை. 2014 வரை இந்த நாட்டில் ஒரு சிம் வாங்கவே கொள்ளைக் காசு வேண்டும். அந்த வருடம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்குக் கொடுத்தபோது எல்லோர் கைக்கும் ஒரேயடியாகப் போன் வந்தது. உங்கள் அப்பாவுக்குப் பொழுதுபோக வாடகைக் கடை இருந்தது. இவன் பிறந்ததே போனுக்கு நடுவில். பெரியவர்கள் நாமே சாப்பிடும்போதுகூட அதைக் கீழே வைப்பதில்லை. அந்தக் கால் மணி நேரம் உங்கள் போனும் வீட்டுக்காரர் போனும் அலமாரியில் இருக்கட்டும். கரண்ட் போகிற நேரம்தான் இதற்குத் தோது. விளக்கு வெளிச்சத்தில் கதை இன்னும் நன்றாக எடுபடும்.

தமிழ்ப் புத்தகம் கிடைப்பது கஷ்டம்தான். ப்ரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாக இருக்கின்றன. முதல் நிலையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். இறக்கிக் கடையில் அச்செடுத்துத் தைத்துக் கொடுங்கள், அவனுக்கென்று கையில் ஒரு புத்தகம் இருக்கும். பர்மியப் புத்தகத்துக்குப் பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. எதை வாங்குவது என்று அவனே எடுக்கட்டும், நீங்கள் காசு மட்டும் கொடுங்கள்.

அவனுக்கு மிருகக் கதை பிடிக்குமா, பேய்க் கதை பிடிக்குமா என்று எழுதுங்கள். என்னிடம் இருக்கும் சிறுவர் புத்தகங்களில் பார்த்து எடுத்து, இங்கே மோல்மேனிலிருந்து ரங்கூன் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா