காரைக்குடிப் பக்கம் வேடிக்கையான பலகைகளைப் படமெடுக்க எங்கே போகலாம்?

இரண்டு நாள் காரைக்குடிக்கு வருகிறேன், பெரிய வீடுகளை எல்லாரும் எடுத்துவிட்டார்கள், எனக்கு வேடிக்கையான, வித்தியாசமான போர்டுகளைப் படமெடுக்க ஆசை, எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த ஊர்க்காரன். போர்டு பார்த்தால் வண்டியை நிறுத்திவிடும் பழக்கம் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எனக்கு மிகவும் பிடித்த பலகை. பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் முகப்பில் கறுப்புப் பெயின்ட்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்: "வீடு விற்பனைக்கு இல்லை. தூண், நிலை, கதவு எதுவும் விற்பனைக்கு இல்லை. பர்மா தேக்கா என்று கேட்க வேண்டாம். பர்மா தேக்குதான்." எத்தனை தரகர்கள் வந்து கதவைத் தட்டியிருந்தால் அந்தக் கடைசி வரி வந்திருக்கும்! 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்த பிறகு, இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (செட்டியார்கள்) அங்கே நடத்திய தொழில் கைவிட்டுப் போனது. பிள்ளைகள் சென்னை, கோவை, வெளிநாடு என்று போய்விட்டார்கள். ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்குப் பங்கு. எல்லாரும் ஒப்பினால்தான் விற்க முடியும். ஒப்பிய வீடுகள் தூண் தூணாகப் பிரிந்து லாரி ஏறின. ஒப்பாத வீடுகளில் இப்படிப் பலகை தொங்குகிறது. சிரித்துக்கொண்டே படமெடுங்கள், ஆனால் பலகையை மட்டும் நெருக்கமாக எடுத்து வந்துவிடாதீர்கள். பின்னால் இருக்கும் அந்தக் கதவும் படத்தில் வர வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த வரிக்கு அர்த்தம் பாதிதான்.

அப்புறம் இனிஷியல்கள். வெளியூர்க்காரர்கள் முதலில் வியப்பது இதைத்தான். பழ., சித., மெய்., லெ., அரு. என்று மூன்று நான்கு சேர்ந்த பிறகுதான் பெயரே தொடங்கும். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் "பழ." என்று தொடங்கிய பலகையைப் பார்த்துப் பழக்கடை என்றே நினைத்தார். பழனியப்பன், சிதம்பரம், மெய்யப்பன், லெட்சுமணன் என்று தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. இதை விலாசம் என்பார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கி (தொழில் நடத்தும் கட்டடம்) வைத்திருந்த காலத்தில் கடைக்கு இந்த எழுத்துகள்தான் அடையாளம். இன்றும் பல வீடுகளுக்கு இவைதான் பெயர். மனிதருக்கு மட்டுமில்லை, இங்கே ஊருக்கும் இனிஷியல் உண்டு: ஓ. சிறுவயல், ஆ. தெக்கூர், வி. லட்சுமிபுரம். நெடுஞ்சாலைத் துறையின் பலகையில் ஓர் ஊர் இனிஷியலோடு நிற்பதைப் படமெடுக்காமல் போகாதீர்கள்.

காரைக்குடிக்குள் என்றால் கல்லுக்கட்டியிலும் கொப்புடையம்மன் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நடந்தே போங்கள். காலை கடை திறக்கும் முன் போவது நல்லது. திறந்துவிட்டால் வாளியும் பையும் தொங்கிப் பாதிப் பலகையை மறைத்துவிடும். பழைய பலகைகளின் உச்சியில் "முருகன் துணை" என்றோ "பிள்ளையார் துணை" என்றோ இருக்கும். அந்த "ணை"யைப் பாருங்கள். மேலே தும்பிக்கை மாதிரி வளைந்திருந்தால் பெரும்பாலும் 1978-க்கு முந்தைய கை. எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது அந்த ஆண்டில்தான். பழக்கம் விடாத ஓவியர்கள் அதற்குப் பிறகும் அப்படியே எழுதியதுண்டு, அதனால் கூடவே போன் நம்பரையும் பாருங்கள். மூன்று இலக்கம்தான் என்றால் பலகைக்கு நல்ல வயது. கீழ் மூலையில் சின்னதாக ஏதோ ஒரு "ஆர்ட்ஸ்" என்று எழுதியவரின் கையெழுத்தும் இருக்கும். அதையும் தனியாக ஒரு படம் எடுங்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தக் கைகளுக்கு வேலை போய்விட்டது, அவர்கள் பெயர் வேறெங்கும் பதிவாகவில்லை.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தகடுகள் அடுக்கடுக்காகக் கிடைக்குமே, அங்கே போனால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போய்ப் பாருங்கள், அழகுதான். இரும்புத் தகட்டில் கண்ணாடிப் பொடியைச் சூளையில் உருக்கி ஏற்றியது என்பதால் அத்தனை வெயிலுக்கும் நிறம் மங்காது, ஆணி அடித்த ஓட்டையைச் சுற்றி மட்டும் துரு பிடித்திருக்கும். ஆனால் அது எந்தக் கடை வாசலில் இருந்தது, யார் அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள் என்பதெல்லாம் கழன்று போயிருக்கும். சுவரில் இருக்கும்போதே எடுப்பதற்குத்தான் நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இரண்டாம் நாள் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் போங்கள். முகப்பின் உச்சியில் சுதையில் செய்த எழுத்துகள் இருக்கும், சில வீடுகளில் ஆண்டும் இருக்கும். வெயில் நேராக விழுந்தால் சுவரும் எழுத்தும் ஒன்றாகிவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரம் பார்த்து, தெருவின் எதிர்ச் சாரிக்குப் போய், ஜூம் செய்து எடுங்கள். கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் எழுத்து மேலே போகப் போகச் சுருங்கிவிடும். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் கடவுளும் விலாசமும் இருந்தால் பின்கட்டுக் கதவில்தான் நிஜமான பேச்சு இருக்கும். "மதியம் 2 முதல் 4 வரை ஆச்சி தூங்கும் நேரம். மணி அடிக்காதீர்கள். பால்காரருக்கும் இது பொருந்தும்" என்று ஒரு கதவில் படித்தேன். பக்கத்து ஊர் மெஸ் ஒன்றில் சிலேட்டில் தினமும் எழுதுவார்கள்: "இன்று நண்டு இல்லை. நாளை கேட்கவும்." மறுநாளும் அதே வரிதான், ஆனால் புதிதாக அழித்து எழுதியிருப்பார்கள்.

கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணே, இந்த போர்டு நல்லாயிருக்கு, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்றால் போதும், பெரும்பாலும் எழுதியவரின் கதையும் சேர்ந்தே கிடைக்கும். வீட்டைக் காக்கும் அண்ணன்மார் சிலர் வேண்டாம் என்பார்கள். தரகர் அனுப்பிய ஆள் என்ற சந்தேகம் அவர்களுக்கு இருக்கும், அது நியாயமானதும்கூட. அப்போது மொபைலைப் பைக்குள் வைத்துவிடுங்கள். எடுத்ததை வெளியில் போடும் முன், இப்போது புழக்கத்தில் உள்ள போன் நம்பர்களை மறைத்துவிடுங்கள். பர்மா தேக்குப் பலகை இருக்கும் ஊரை நான் சொல்லாததற்கும் வீட்டுக்காரர்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்பதுதான் காரணம். நடந்து போனால் கண்ணில் படும்.