தங்கச்சி பேராதனைக்குப் போகிறாள், வாரக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். சம்பளம் 58,000 ரூபா, அதில் 20,000 வீட்டுக்கு அனுப்புகிறேன். வீடு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு). அப்பா இல்லை. அம்மாவுக்கு 52 வயது, இன்னும் கொழுந்து எடுக்கிறார். தங்கச்சிக்குப் பேராதனையில் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கெம்பஸ் போகும் முதல் ஆள் அவள்தான். சேமிப்பு 48,000 ரூபா இருக்கிறது. லயத்துக்கு வரும் ஒரு கடன் கம்பெனி 150,000 தருகிறதாம், வாரம் 3,000 படி 72 வாரம் கட்ட வேண்டும். அதில் லெப்டொப் வாங்கிவிட்டு மிச்சத்தைச் செலவுக்கு வைக்கலாம் என்கிறார் அம்மா. இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஈபீஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்கிறேன் என்கிறார். எது நல்லது?

பதில்:

தம்பி, முதலில் தங்கச்சிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் சொல்லுங்கள். இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் கெம்பஸ் போக இத்தனை காலம் ஆனதற்கு உங்கள் வீட்டின் குறை காரணமில்லை. நானும் லயத்தில் பிறந்து, வீட்டில் முதல் ஆளாகக் கெம்பஸ் போனவன். அதனால் இந்தக் கடிதத்தைச் சும்மா வாசித்துவிட்டு வைக்க முடியவில்லை.

வாரக் கடன் வேண்டாம். 3,000 படி 72 வாரம் என்றால் 216,000. வாங்குவது 150,000, மேலே கட்டுவது 66,000. ‘ஒன்றரை வருடத்துக்கு 66,000 தானே’ என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே வாங்கிய தொகையையும் சேர்த்துத் திருப்பிக் கட்டுகிறீர்கள், முழு 150,000 உங்கள் கையில் ஒரு வாரம்தான் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 50 சதவீதத்துக்கும் மேல் போகிறது. இன்னொரு விதமாகவும் பாருங்கள். வாரம் 3,000 என்பது மாதம் 13,000. தங்கச்சிக்கு நீங்கள் மாதாமாதம் அனுப்ப வேண்டிய தொகையும், கீழே கணக்கில் வருவது போல, அதே 13,000 தான். கடனை எடுத்தால் அந்தக் காசு தங்கச்சிக்குப் போகாமல் கம்பெனிக்குப் போகும். மழை பிடித்து, கொழுந்து குறைந்து, அம்மாவுக்கு அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்த வாரத்திலும் அவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

ஈபீஎஃப் காசையும் தொட வேண்டாம். பெண்கள் 50 வயதுக்குப் பிறகு வேலையை விட்டால் அதை எடுக்கலாம் என்பது சரிதான். ஆனால் அம்மா செக்ரோலில் (தோட்டத்துப் பெயர்ப் பதிவில்) இருக்கும் வரை, நிதிக்குக் கணக்காகும் சம்பளத்தில் ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் அவர் 8 ரூபா கட்ட, தோட்டம் 12 ரூபா சேர்க்கிறது. ஈடீஎஃபுக்கு (ஊழியர் நம்பிக்கை நிதிக்கு) இன்னும் 3 ரூபா தோட்டமே போடுகிறது. வேலையை விட்டால் மாதச் சம்பளமும் நிற்கும், இந்தச் சேர்ப்பும் நிற்கும். லயத்து வீட்டையும் மறந்துவிடாதீர்கள். அந்த வீடு தோட்ட வேலையோடு பிணைக்கப்பட்டது. அம்மாவின் முதுமைக்கு இருக்கும் காசை மகளின் முதல் வருடத்துக்குக் கரைத்தால், நாளைக்கு அதே மகள் படிப்பின் நடுவிலேயே அம்மாவுக்காக வேலை தேடிப் போக வேண்டிவரும்.

சரி, அப்படியென்றால் காசு எங்கே?

உங்கள் கையிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, விடுதிக் கட்டணமும் சிறிய தொகைதான். செலவு முழுக்க வாழ்க்கைச் செலவு. என் கணக்கில் சாப்பாடு ஒரு நாளைக்கு 450 படி மாதம் 13,500. போட்டோகொப்பி, கொப்பி, பேனைக்கு 2,000. போனும் டேட்டாவும் 1,500. சவர்க்காரம், மருந்து, பெண் பிள்ளைக்கு வேண்டிய சாமான்கள் 1,500. மாதம் ஒரு தடவை கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் வழியாக வீட்டுக்கு வந்து போக 1,500. மொத்தம் 20,000. சாப்பாட்டைக் குறைத்து இந்தக் கணக்கை அழகாக்க வேண்டாம். வீட்டிலிருந்து மாவும் பருப்பும் கட்டிக் கொடுத்தால் கொஞ்சம் மிச்சமாகும், அதை அவள் கையிலேயே விட்டுவிடுங்கள்.

நீங்கள் வீட்டுக்கு அனுப்பும் 20,000இல் 13,000 ரூபாவைத் தங்கச்சியின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போடுங்கள். 7,000 அம்மாவுக்கு. வீட்டில் இனி அம்மா ஒருவர்தான், அவருடைய சம்பளமும் இருக்கிறது, சமாளிப்பார். மிச்சம் தேவைப்படும் 7,000 ரூபாவை உதவித்தொகை வந்தபின் அது பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். மகாபொல, பர்சரி என்று பல்கலைக்கழக மாணவர்களுக்கு இரண்டு உதவித்தொகைகள் இருக்கின்றன. மகாபொல 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000இலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். வருடத்தின் பன்னிரண்டு மாதமும் வரும் என்றும் கணக்குப் போடாதீர்கள்.

ஆபத்து எங்கே என்றால், அந்தக் காசு கைக்கு வரும் வரையான முதல் மாதங்களில்தான். உதவித்தொகை முதல் நாளே வராது. தெரிவுப் பட்டியல் வர வேண்டும், படிவங்கள் போக வேண்டும், வங்கிக் கணக்கு சரிபார்க்க வேண்டும். நிலுவையோடு சேர்ந்து பின்னால் வருவதும் உண்டு. அதற்குள் பிள்ளை என்ன சாப்பிடுவாள்? உங்கள் 48,000 இதற்குத்தான். 20,000 ரூபாவுக்குள் மெத்தை, வாளி, போர்வை, நல்ல குடை, சப்பாத்து, நான்கைந்து உடுப்பு வாங்கிவிடலாம். மீதி 28,000, மாதம் 7,000 படி நான்கு மாதத்துக்குப் போதும். அதற்கு மேலும் இழுத்தால் அம்மாவின் நகையில் சின்னதாக ஒன்றை அரச வங்கியில் அடகு வையுங்கள், நிலுவை வந்ததும் மீட்டுவிடுங்கள்.

லெப்டொப் இப்போது வேண்டாம். முதல் செமஸ்டருக்கு நூலகமும் அங்கே இருக்கும் கணினிகளும் போனும் போதும். எந்தப் பாடம் எடுக்கிறாள் என்று தெரிந்த பிறகு, பாவித்த ஒன்றைத் தெரிந்தவர் மூலம் வாங்கலாம். ஆங்கிலத்துக்கும் வெளி வகுப்புக்குக் காசு கட்ட வேண்டாம். தமிழில் படிக்கக்கூடிய பாடங்கள் கலைப்பீடத்தில் இருந்தாலும் வாசிக்க வேண்டியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அதற்கென்று பல்கலைக்கழகமே வகுப்பு நடத்துகிறது. முதல் சோதனையில் குறைந்த புள்ளி வந்தாலும் அந்த வகுப்பை மட்டும் அவள் விடக்கூடாது.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் போன வருடம் பர்சரி அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தது. பார்த்தேன், ஆனால் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கடைசித் திகதி போய்விட்டது. பகலில் சாப்பிடாமல் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்கு ‘காசு இருக்கிறது அம்மா’ என்று சொன்னேன். அப்போது எனக்குக் கேட்கத் தெரியாததற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் முற்பணம் என்றாலும் கூரைத்தகரம் என்றாலும் ஒபிஸ் வாசலில் கைகட்டி நின்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அதனால் கேட்பதென்றாலே கெஞ்சுவது என்று மனதில் பதிந்துவிடுகிறது. நடுத்தர வகுப்புப் பிள்ளை விரிவுரையாளர் அறைக்குப் போய், ‘சேர், இது விளங்கவில்லை’ என்று சாதாரணமாகச் சொல்லும். நம் பிள்ளை கதவு வரை போய்த் திரும்பும். மகாபொல அவளுடைய உரிமை, யாரும் போடும் பிச்சையில்லை. இதை அவள் போகும் முன் நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பீடத்திலும் மாணவர் ஆலோசகர்களாக விரிவுரையாளர்களே இருக்கிறார்கள். மலையகத்துச் சீனியர்மார் இருப்பார்கள். பரீட்சைக்கு முன் அவர்கள் வைக்கும் குப்பி வகுப்புகளுக்குக் கட்டாயம் போகச் சொல்லுங்கள், பலரைக் கரைசேர்த்தது அதுதான். பகிடிவதை என்று யாராவது காசு கேட்டாலோ துன்புறுத்தினாலோ மறைக்க வேண்டாம், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். உங்களிடம் சொன்னால் நீங்கள் கோபப்பட மாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுப் பக்கமும் ஒன்று இருக்கிறது. திருவிழா, சடங்கு, கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் அவளைக் கூப்பிடாதீர்கள். பெரும்பாலான பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. ‘நீயும் டியூஷன் கொடுத்துக் கொஞ்சம் அனுப்பு’ என்று முதல் வருடத்தில் யாரும் கேட்க வேண்டாம். அந்த வருடம் அவள் புது மொழிக்கும் புது ஊருக்கும் புது மனிதருக்கும் பழக வேண்டும், அதுவே ஒரு முழு வேலை.

காசை ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில் போடுங்கள். உங்களுக்குச் சம்பளம் 10ஆம் திகதி என்றால் 11ஆம் திகதி. தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, திகதி தவறக்கூடாது. எப்போது வரும் என்று தெரியாத காசுதான் பிள்ளையைச் சாப்பிடாமல் இருக்க வைக்கிறது. போட்டதும் போன் எடுத்து, ‘காசு இருக்கா?’ என்று கேட்காதீர்கள். இருக்கு என்றுதான் சொல்வாள். ‘இன்றைக்குப் பகல் என்ன சாப்பிட்டாய்?’ என்று கேளுங்கள்.

அப்புறம், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக ஒரு கல்வி நம்பிக்கை நிதியம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் அடுத்த விண்ணப்பம் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது வருமானச் சான்றிதழ். கிராம சேவகரிடம் எடுத்து, பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அம்மாவின் சம்பளத் துண்டுகளைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மூன்று போட்டோகொப்பி எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள், மகாபொல, பர்சரி, விடுதி எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். நீங்கள் கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்து அலைய வேண்டாம். அம்மாவோடு தங்கச்சி போகட்டும். படிவத்தை அவளே நிரப்பி, கேட்க வேண்டியதை அவளே கேட்கட்டும்.