காசுக்குக் கோல்டு கார்டு: பாஸ்போர்ட் நகலைக் கொடுக்கும் முன் யோசியுங்கள்

கேள்வி: சொந்த ஊர் கீழக்கரை, துபாயில் வேலை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை எமிரேட்ஸில் சென்னை வழியாக ஊருக்கு வந்து போகிறேன். எப்போதும் டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட், 18,000 ரூபாய் கொடுத்தால் கோல்டு மெம்பர் ஆக்கிவிடுவதாகச் சொல்கிறார். கூடுதலாக 16 கிலோ லக்கேஜ், லவுஞ்ச் எல்லாம் உண்டாம். பாஸ்போர்ட் நகலும் ஓடிபியும் மட்டும் கேட்கிறார். பணம் இல்லையென்றால் இரண்டு தடவை அவர் தரும் பார்சலை எடுத்துப் போனால் போதுமாம். தெரிந்தவர்கள் சிலர் வாங்கியிருக்கிறார்கள். இது சட்டப்படி குற்றமா? பயணத்துக்குப் பயணம் சேரும் மைலில் (விமான நிறுவனம் தரும் புள்ளிகள்) உம்மாவை உம்ராவுக்கு அனுப்பலாமா?

பதில்: வாங்காதீர்கள். பார்சலை ஒரு தடவைகூடத் தொடாதீர்கள். உம்மா விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதில் உங்களுக்கு நல்ல செய்திதான்.

கோல்டு தகுதியை எந்த ஏஜென்ட்டும் விற்க முடியாது, அது அவர் கையில் இல்லை. எமிரேட்ஸின் உறுப்பினர் திட்டமான ஸ்கைவர்ட்ஸில் கோல்டுக்கு 50,000 தகுதி மைல் (தகுதியை உயர்த்துவதற்கென்று தனியாகக் கணக்கிடும் மைல்) சேர்க்க வேண்டும், அல்லது 50 விமானப் பயணம் போயிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் சில்வருக்கே 25,000 மைல் அல்லது 25 பயணம். நீங்கள் வருடத்துக்கு இரண்டு முறை வந்து போனாலும் நாலு பயணம்தான் ஆகிறது. அப்படியிருக்க 18,000 ரூபாயில் எப்படி வரும்?

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். ஒரு விமான நிறுவனத்தில் மேல்தகுதியில் இருப்பவரை இழுக்க, இன்னொரு நிறுவனம் ‘அதே தகுதியை இங்கேயும் தருகிறோம்’ என்று அவ்வப்போது கூப்பிடும். ஸ்டேட்டஸ் மேட்ச் என்பார்கள். அத்தாட்சியாகப் பழைய நிறுவனத்தின் கார்டையும் கணக்குப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் கேட்பார்கள். இடைத்தரகர் யாரோ ஒருவருடைய பக்கத்தை எடுத்து, பெயரை அழித்து, உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல ஓர் எழுத்தும் மாறாமல் உங்கள் பெயரை ஏற்றி அனுப்பிவிடுவார். விண்ணப்பமும் உங்கள் பெயரில், போலியும் உங்கள் பெயரில். அவர் பெயர் எங்கேயும் இருக்காது. பாஸ்போர்ட் நகல் கேட்பது இதற்குத்தான்.

குற்றமா என்று கேட்டீர்கள். மைலை வெளி ஆட்களிடம் காசுக்கு வாங்குவதும் விற்பதும் அந்தத் திட்டத்தின் விதியை மீறுவது. கண்டுபிடித்தால் கணக்கை மூடுவார்கள். போலி ஆவணம் கொடுத்துச் சலுகை வாங்குவது வேறு. நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுவதற்கு 318, போலி ஆவணம் தயாரிப்பதற்கு 336, போலி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துவதற்கு 340 என்று பிரிவுகள் இருக்கின்றன. ‘ஏஜென்ட் செய்தார், எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லலாம்தான். ஆனால் பணமும் கொடுத்து ஓடிபியும் சொன்ன ஆள் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

தெரிந்தவர்கள் வாங்கியதை வைத்துத் தைரியம் கொள்ள வேண்டாம். இந்தத் திட்டங்களில் தணிக்கை பிறகுதான் வரும். வந்தால் போலித் தகுதி மட்டும் போகாது. நீங்கள் நியாயமாகச் சேர்த்த மைலும் பூஜ்யமாகும், மைலில் எடுத்த டிக்கெட்டும் ரத்தாகும். போனில் கார்டின் படத்தைக் காட்டிச் சமாளிக்கலாம் என்பதும் நடக்காது. கவுண்டரில் இருப்பவர் உங்கள் உறுப்பினர் எண் கம்ப்யூட்டரில் என்ன தகுதி காட்டுகிறது என்றுதான் பார்ப்பார்.

தகுதியைப் பறிப்பதில் நிறுவனங்களுக்கு இருக்கும் அதிகாரம் கொஞ்சநஞ்சமில்லை. 2008-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ், அளவுக்கு மீறிப் புகார் செய்கிறார் என்று சொல்லி ஒரு யூத மதகுருவின் பிளாட்டினம் தகுதியை எடுத்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014-இல் நீதிபதிகள் ஒருமனதாக நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனாலும் விதிமுறைகளை எழுதுவது அவர்கள், திருத்துவது அவர்கள், தீர்ப்பளிப்பதும் அவர்கள். பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுதி ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு டிக் போடச் சொல்கிறார்கள். வங்கிகளுக்கு மொத்தமாக மைலை விற்றுக் காசு பார்க்கும் அதே நிறுவனங்கள்தான் பயணி விற்றால் மோசடி என்கின்றன. எனக்கு இதில் கோபம் உண்டு. அதற்காக நீங்கள் போலிக் காகிதத்தோடு போய் நிற்கலாம் என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் பழைய போர்டிங் பாஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஓர் உறுப்பினர் எண் அச்சாகியிருக்கிறதா? நீங்கள் எந்தத் திட்டத்திலும் சேராமலேயே எண் இருந்தால், யாரோ உங்கள் பெயரில் கணக்குத் திறந்திருக்கிறார்கள். பெயர், பிறந்த தேதி எல்லாம் உங்களுடையது. மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் மட்டும் அவர்களுடையது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபராளிகள் பலரும் மைல் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. பாலைவன வெயிலில் உழைத்த காசில் எடுத்த டிக்கெட்டின் மைலை இப்படிச் சேர்த்து, அதில் வேறு ஆளுக்கு டிக்கெட் போட்டு அவரிடமும் முழுப் பணம் வாங்கிவிடலாம். பாஸ்போர்ட்டோடு நிறுவனத்தை நேரடியாகத் தொடர்புகொண்டு, மின்னஞ்சலையும் மொபைலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். அலைக்கழிப்பார்கள், விடாதீர்கள். இனி டிக்கெட் போடும்போது உங்கள் எண்ணை நீங்களே கொடுங்கள். போர்டிங் பாஸைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தையும் விடுங்கள். அதன் பார்கோடிலேயே பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கும்.

அடுத்தது பார்சல். பிறர் சரக்கைக் கூலிக்கு விமானத்தில் சுமந்து போகும் குருவியைப் பற்றி நம் கரையோர ஊர்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதிக கிலோ கொண்டு போகக் கூடியவர்தான் அவர்களுக்கு வேண்டிய ஆள். 16 கிலோவை உங்களுக்கு வாங்கித் தருவதே அதில் பாதியை அவர்களுடைய சரக்கால் நிரப்பத்தான். பெட்டியின் டேக்கில் உங்கள் பெயர் இருக்கும், சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். கொடுத்தவர் அந்த நேரம் போனை எடுக்க மாட்டார்.

சரி, உம்மா விஷயம். நீங்கள் நியாயமாகச் சேர்த்த மைலில் உம்மாவுக்கு டிக்கெட் எடுப்பது தாராளமாகச் செய்யலாம். உங்கள் கணக்கிலிருந்து அவர் பெயரில் டிக்கெட் போட வேண்டியதுதான். எமிரேட்ஸில் குடும்பத்தில் எட்டுப் பேர் வரை மைலை ஒரே கணக்கில் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. நீங்கள், காக்கா (அண்ணன்), தம்பி மூன்று பேரும் பறக்கிறீர்கள் என்றால் சேர்த்துவையுங்கள், டிக்கெட் சீக்கிரம் வரும். ஆனால் சேருவது டிக்கெட் எடுக்கச் செலவழிக்கும் மைல் மட்டும். தகுதி மைல் அவரவர் கணக்கில்தான் நிற்கும். மூன்று பேர் பயணத்தைக் கூட்டி ஒருவர் கோல்டு ஆக முடியாது. காசு வாங்காமல் கொடுத்தால் சிக்கல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ‘செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பத்தாயிரத்தை நீட்டி, நீங்கள் வாங்கினால், அது விற்பனை. மச்சானே ஆனாலும் காசு வாங்கினால் விற்பனைதான். மச்சான் டாக்சிக்குக் கொடுத்தார், பெருநாளுக்குக் கொடுத்தார் என்பதையெல்லாம் நான் விற்பனை என்று சொல்லவில்லை. டிக்கெட்டுக்கு விலை பேசினீர்களா என்பதுதான் கேள்வி.

உங்கள் உண்மையான தேவை லக்கேஜ்தான் என்று நினைக்கிறேன். ராத்திரி முழுக்க ரயிலில் வந்து, மீனம்பாக்கம் கவுண்டரில் டேப்பைப் பிரித்து, தொதல் அல்வாவையும் கருவாட்டையும் வெளியே எடுத்துவைக்கும் சங்கடம் எனக்குத் தெரியும். அதற்குக் கோல்டு வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே அடுத்த கட்டண வகையில் எத்தனை கிலோ என்று கேளுங்கள். வித்தியாசம் கட்டக்கூடியதாக இருக்கலாம். இல்லையென்றால் புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் கூடுதல் கிலோ வாங்குங்கள், கவுண்டர் விலையைவிடக் குறைவு.

ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், பணம் போன கணக்கின் விவரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். ஓடிபி சொல்லியிருந்தால் அதற்கும் முன்னால் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.