மழைல பிளெய்ன் டயர் வழுக்குமா?

கேள்வி: வேளச்சேரில இருந்து கிண்டிக்கு தினமும் 26 இன்ச் கியர் சைக்கிள்ல ஆபீஸ் போறேன் சார். டயர்ல கட்டை கட்டையா மேடு, மிதிக்கவே முடியல. பிளெய்ன் டயர் போட்டா மழைல வழுக்குமா?
- வாசகி, சென்னை

பதில்: தாராளமா மாத்துங்கம்மா. அந்த மேடெல்லாம் மண் பாதைக்கு, தார் ரோட்ல அது ஒவ்வொண்ணும் நசுங்கி நிமிர்றதுலயே உங்க பலம் வீணாப் போகுது, உர்ருனு சத்தம் வேற. மழைக்கு பயப்படாதீங்க, கார் மாதிரி தண்ணி மேல மிதக்குற அளவுக்கு சைக்கிள் டயருக்கு அகலமும் இல்ல நாம போற வேகமும் இல்ல, பிடிப்பு ரப்பர்லதான் இருக்கு. ஆனா ஈரமான வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி மேல எந்த டயரும் வழுக்கும், அங்க பிரேக் புடிக்காதீங்க.

26 × 1.75 கேளுங்க, 1.75ங்கறது டயரோட அகலம், இன்ச்ல. வெறும் 26னு சொல்லி வாங்கிடாதீங்க! பழைய டயர் பக்கவாட்டுல 54-559 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், அதுல 559தான் முக்கியம், அது ரிம்ல டயர் உக்கார்ற இடத்தோட விட்டம், மில்லிமீட்டர்ல. 26 × 1 3/8னு வர்ற டயர் 590, ரெண்டுமே 26தான், ஆனா உங்க ரிம்ல நிக்காது. முள்ளு, கண்ணாடித்துண்டு தாங்க உள்ள பஞ்சர் லேயர் வச்சது கிடைச்சா கொஞ்சம் கூட குடுத்தாவது அதையே வாங்கிடுங்க, ஆபீஸ் போற வழில பஞ்சர் ஆனா பாடு யாருக்கு? காத்து எவ்ளோன்னு டயர்லயே போட்டிருக்கும், அதத் தாண்டாதீங்க, வாரம் ஒருதரம் பாருங்க.

இப்போதைக்கு ஒண்ணுதான் வாங்க முடியும்னா புதுச முன்னாடி போடுங்க, பின்னாடி வழுக்குனா சமாளிச்சிடலாம், முன்னாடி வழுக்குனா கீழதான்.