‘வாக்கிங் போங்க’ என்றால் எவ்வளவு? ஜிம்முக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. தாம்பரத்தில் வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் கணக்குப் பிரிவில் வேலை. காலை 7.30 மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு 8 ஆகிறது. உயரம் 168 செ.மீ., எடை 79 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. “பார்டர்ல இருக்கு, வாக்கிங் போங்க” என்றார் டாக்டர். நேரமே இல்லை. தெருமுனை ஜிம்மில் ஆண்டுச் சந்தா 18,000 ரூபாய், பர்சனல் டிரெயினருக்கு மூன்று மாதத்துக்கு 24,000 தனி, புரோட்டீன் பவுடரும் வாங்க வேண்டுமாம். இந்த மாதத்துக்குள் சேர்ந்தால் சலுகை. சேரலாமா? நடை மட்டும் போதுமா? என் மனைவிக்கு 44 வயது, ஆறு வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். அவரையும் கூட்டிக்கொள்ளலாமா?

பதில்: ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். சலுகை இந்த மாதத்தோடு முடிகிறதென்றால் முடியட்டும். அடுத்த மாதம் பொங்கல் சலுகை, ஆடித் தள்ளுபடி என்று வேறு பெயரில் வரும்.

டாக்டர் சொன்னது தப்பில்லை, பாதியில் நின்றுவிட்டது. மாத்திரை என்றால் எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை வேளை என்று சீட்டில் எழுதுகிறார்கள். நடைக்கு மட்டும் அளவே எழுதுவதில்லை. நடையும் மருந்துதான் என்பதை நம் சென்னையிலேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பொது அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் அது 39 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே 40தான். அந்தத் தகவல் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இரண்டு நிமிடப் புறநோயாளி சீட்டில் ‘வாக்கிங்’ என்ற ஒற்றை வார்த்தையாகச் சுருங்கிக் கிடக்கிறது.

உங்களுக்கான அளவு இது: வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. விடிகாலை ஒரு மணி நேரம் கடற்கரையில் நடந்தால்தான் கணக்கு என்பது பழைய நினைப்பு. ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனையையே உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எடுத்துவிட்டது. துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும். தினம் 10,000 காலடி என்ற கட்டளையும் வேண்டாம். 1965-இல் ஜப்பானில் காலடி எண்ணும் ஒரு கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்த எண் அது.

‘வேகநடை’ என்றால் எவ்வளவு வேகம்? நிமிடத்துக்கு 100 காலடிக்குக் குறையக் கூடாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. போனில் நிம்மதியாக அரட்டை அடிக்க முடிகிறதென்றால் அது உலாவல்.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது? காலையில் எடுக்காதீர்கள். சென்னை வெயிலில் 20 நிமிடம் நடந்து, நனைந்த சட்டையோடு ஏசி அறையில் உட்கார்ந்த பலர் இரண்டாவது வாரமே விட்டுவிடுகிறார்கள். காலையில் ஷேர் ஆட்டோவிலேயே போங்கள். மாலையில் அலுவலகத்திலிருந்து கிண்டி ஸ்டேஷனுக்கு நடங்கள். நீங்கள் கேட்கப்போகும் சந்தேகம் தெரியும்: நடைபாதை எங்கே இருக்கிறது? டிரான்ஸ்ஃபார்மர், பைக், டிபன் கடை போக மிச்சத்தில்தான் நடக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒன்று என்று 8 கி.மீ. நடைப்பாதை அறிவித்து 2023-இல் திறந்தார்கள், நல்லதுதான். ஆனால் தினமும் வேலைக்குப் போய் வருகிறவனுக்குத் தேவை, ஸ்டேஷன் வாசலில் இடறாமல் நடக்க அரை கிலோமீட்டர். அது வரும்வரை பிரதான சாலையை விட்டு உள்தெருக்கள் வழியாகப் போங்கள். தூரம் குறைவாக இருந்தால் ஒரு சுற்று கூடுதலாகப் போய் 20 நிமிடமாக்குங்கள். ஐந்து நாளில் 100 நிமிடம் ஆயிற்று. மீதி 50 நிமிடம் ஞாயிறு.

முதல் வாரமே முழு அளவுக்குப் போகாதீர்கள். மூன்று நாள், 10 நிமிடம். வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிக்கொள்ளும், தசைநாண்கள் மெதுவாகத்தான் பழகும். நாற்பதைத் தாண்டியவர்கள் திடீரென்று தினம் ஐந்து கிலோமீட்டர் நடக்க ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் வருவது குதிகால் வலி: காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் ஊசி குத்தும். ரப்பர் செருப்பில் நடந்தால் இன்னும் சீக்கிரம் வரும். கேன்வாஸ் ஷூவை அலுவலகத்திலேயே வைத்துவிடுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம் மொட்டைமாடியிலோ தெருவிலோ மெதுவாக நடப்பது தனிக் கணக்கு, அதை 150-இல் சேர்க்காதீர்கள். அது சர்க்கரைக்காக. வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் நடந்தால் ஏறுகிற சர்க்கரை அவ்வளவு உயரம் போகாது. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு சீரியல் முன் உட்காருகிற நம் வீடுகளுக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

நடை மட்டும் போதுமா என்றால், போதாது. முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. குளுக்கோஸைப் போட்டு வைக்கிற பெரிய கிடங்கே தசைதான். நடை அதைக் காப்பாற்றாது. புதன், ஞாயிறு என்று இடைவெளி விட்டு இரண்டு நாள், குளிப்பதற்கு முன் 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

சுவரை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு, மூன்று எண்ணிக்கையில் மெதுவாக உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருங்கள், 10 முறை. குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது. அடுத்து சமையல் மேடையில் கை ஊன்றி, தலை முதல் குதிகால் வரை பலகைபோல் வைத்துக்கொண்டு நெஞ்சை மேடைக்குக் கொண்டுபோய்த் தள்ளுங்கள், 8 முதல் 12 முறை. மேடை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். மூன்றாவது, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், அதாவது ஐந்து கிலோ. ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, முதுகை வளைக்காமல் குனிந்து, முழங்கை இடுப்பை உரசும்படி கேனை இழுங்கள், பக்கத்துக்கு 10. கடைசியில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி இடுப்பை உயர்த்தி இரண்டு நொடி நிறுத்துங்கள், 12 முறை. இந்த நான்கையும் ஒரு சுற்றாகச் செய்து, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து மறுபடியும். முதல் மாதம் இரண்டு சுற்று, பிறகு மூன்று.

இன்னும் இரண்டு மூன்று முறைதான் முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். இருபது முறை சுலபமாக வருகிறதென்றால் எண்ணிக்கையை ஏற்றாமல் சுமையை ஏற்றுங்கள்: முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழலாம், தள்ளும் பயிற்சியில் மேடையிலிருந்து கட்டில் விளிம்புக்கு, அங்கிருந்து தரைக்கு இறங்கலாம். எழும்போதும் தள்ளும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். பிடித்துக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும், அது தானாகப் போகும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கையிலோ தாடையிலோ வலி பரவினாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி ஜிம். ஜிம் கெட்ட இடமில்லை, ஆண்டுச் சந்தாதான் கெட்டது. அந்த வியாபாரத்தின் கணக்கே வராதவர்களை நம்பித்தான் ஓடுகிறது. சந்தா கட்டிய எல்லோரும் ஒரே மாலையில் வந்தால் நிற்க இடம் இருக்காது. அதனால் மாதக் கட்டணத்தை அநியாயத்துக்கு உயர்த்தி வைத்து, ஆண்டுச் சந்தாவை மலிவு போலக் காட்டுகிறார்கள். மாதத்துக்கு 2,500 கேட்டாலும் மாதமாகவே கட்டுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து போன பிறகு பேரம் பேசுங்கள்.

இஎம்ஐ-க்கு மட்டும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். ‘ஜீரோ வட்டி, மாதம் 1,500தான்’ என்பார்கள். டேப்லெட்டில் ஓடிபி சொன்ன நிமிடம் நீங்கள் ஒரு நிதி நிறுவனத்தில் கடனாளி, ஜிம்முக்கு முழுப் பணமும் போய்விடும். ஆறாவது மாதம் ஜிம் இழுத்து மூடினாலும் தவணை நிற்காது. கட்ட மறுத்தால் உங்கள் சிபில் மதிப்பெண்தான் அடிபடும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் 18,000 ரூபாய்க்கு எத்தனை வாய்தா நடப்பீர்கள்? பில்லையும் பாருங்கள்: ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய வரியைச் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேளுங்கள்.

சேரும் அன்று ‘இலவச உடல் பரிசோதனை’ என்று ஒரு மிஷினில் ஏற்றுவார்கள். ‘உங்க உடம்போட வயசு 58 சார்’ என்று ஒரு சீட்டு வரும். அது உடம்பில் லேசான மின்சாரத்தைச் செலுத்தி மறைமுகமாகப் போடும் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாலே எண் மாறும். அந்த பயத்தில்தான் 24,000 ரூபாய் டிரெயினர் விற்பனையாகிறது. நல்ல பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த நாட்டில் அந்த வேலைக்குக் கட்டாய உரிமம் கிடையாது. சலூன் நடத்தக்கூட மாநகராட்சியில் உரிமம் கேட்கிறார்கள், அடுத்தவன் முதுகெலும்பில் எடை ஏற்றுகிறவனிடம் எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. முதல் நாளே உங்கள் ரத்த அழுத்தத்தையும் மாத்திரைகளையும் பற்றிக் கேட்காதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

பவுடர் வேண்டாம். விற்பதில் கமிஷன் இருக்கிறது, வலியுறுத்துவது அதற்காக. உங்களுக்கு ஒரு நாளைக்கு 65 முதல் 80 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம், வேகவைத்த 100 கிராம் கோழியில் 27 கிராமுக்கு மேல். சைவமென்றால் சுண்டல், பருப்பு, தயிரைக் கூட்டி, சோற்றை ஒரு கரண்டி குறையுங்கள். ‘ஃபேட் பர்னர்’ என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

உங்கள் மனைவி தாராளமாக வரலாம், அதே நான்கு பயிற்சிகள்தான். எடை தூக்கினால் ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். ஆனால் முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். “மெட்ஃபார்மின் மட்டும்தான் சாப்பிடறேன்” என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் இரண்டு மருந்து கலந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள். பெயர் ஒன்றாக இருக்கும், கீழே பொடி எழுத்தில் கிளிமிப்பிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு என்று ஏதாவது இருக்கும். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் நடையால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ கதை வேறு. அவை கணையத்தை அடித்து இன்சுலின் சுரக்க வைக்கின்றன, அல்லது இன்சுலினே வெளியிலிருந்து வருகிறது. தசையும் சர்க்கரையை இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டீயோடு, வெறும் வயிற்றில் காலை நடைக்குப் போகிற பெண்கள் மயங்கி விழுவது இதனால்தான்.

அவர் சாப்பிட்ட பிறகே நடக்கட்டும். கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். கையில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி ஒரு பொட்டலமாக இருக்க வேண்டும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கோரப் பசி வந்தால் உடனே உட்கார்ந்து பொடியை வாயில் போட்டுக்கொண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், மெட்டோபிரலால் வகை மாத்திரை இருந்தால் நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வை மட்டும்தான் துப்பு. நடந்து பல மணி நேரம் கழித்து, நள்ளிரவிலும் இறங்கலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. “தினம் அரை மணி நடக்கப் போகிறேன், டோஸ் குறைக்க வேண்டுமா?” என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும், அவர் அடுத்த டோக்கனை அழைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. கண் விழித்திரைப் பரிசோதனை இந்த ஆண்டு செய்யவில்லையென்றால், எடை தூக்கும் முன் அதையும் முடித்துவிடுங்கள்.

முன்னேற்றத்தைத் தராசில் பார்க்காதீர்கள். ஒரு மணி நேர வேகநடையில் செலவாவது சுமார் 300 கலோரி, ஸ்டேஷன் வாசலில் இரண்டு வடையும் ஒரு டீயும் அதைத் திருப்பித் தந்துவிடும். டேப்பில் பாருங்கள், பேண்ட் சைஸில் வேண்டாம், ஏனென்றால் நம்மவர்கள் தொப்பைக்குக் கீழேதான் பேண்ட் போடுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டு முடித்த நிலையில் அளக்க வேண்டும். உங்களுக்கு 90 செ.மீ.க்குள், உங்கள் மனைவிக்கு 80-க்குள் வர வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதம் கழித்து, முன்பு எடுத்த அதே லேபில் எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் பழைய ரத்த அணுக்களின் கணக்கும் கலந்தே வரும். ரத்தசோகை இருந்தால் எண் ஏமாற்றும், அதனால் கூடவே ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.