பரங்கிமலையின் வேர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் குரோம்பேட்டையில் வசிக்கிறேன். மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். போன வாரம் அவனுக்குப் புவியியல் பாடம் சொல்லித்தர உட்கார்ந்தேன். பூமியை வெட்டி உள்ளே காட்டும் படம்: மேலே மெல்லிய மேலோடு, அடியில் சிவப்பாகக் கவசம், நடுவில் மஞ்சளாகக் கருவம். சியால், சிமா, நைஃப் என்று அடுக்குகளின் பழைய பெயர்களை உருப்போட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தி, "இதையெல்லாம் யாரும்மா உள்ளே போய்ப் பார்த்தாங்க?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. ரஷ்யாவில் தோண்டிய குழியே பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்படியானால் மீதியெல்லாம் ஊகம்தானா? நம்பிக்கையின் பேரில்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோமா?

இன்னொன்றும் கேட்டான். உள்ளிருந்து வரும் விசைகள் மலையை எழுப்பும், மழையும் ஆறும் காற்றும் அதைத் தேய்க்கும் என்று பாடத்தில் தனித்தனியாகப் போட்டிருக்கிறது. "அப்போ கடைசியில எது ஜெயிக்கும்?" என்கிறான். மலைகளுக்கு வேர் உண்டு என்று நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அது உவமையா, உண்மையா?

அன்புடன்,
க., குரோம்பேட்டை

அன்புள்ள க.,

வேர் உண்மை. உவமையாக எழுதவில்லை. நீங்கள் குரோம்பேட்டையிலிருந்து எழுதியதைப் பார்த்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. உங்கள் மகனின் இரண்டு கேள்விகளுக்கும் பதில் உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டிருக்கிறது. அங்கே போவதற்கு முன் குழியை முடித்துவிடுவோம்.

நீங்கள் படித்தது கோலா தீபகற்பத்தில் இருக்கும் ஆழ்துளை. 1970இல் தொடங்கினார்கள். 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. அகலம் ஒரு சாண்தான். அந்த ஆழத்தில் வெப்பம் 180 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போக முடியவில்லை. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர், ஆகவே தோண்டியது ஐந்நூறில் ஒரு பங்கு. தோண்டித்தான் அறிய முடியும் என்றால், ஆம், மீதியெல்லாம் ஊகம்தான்.

ஆனால் சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் உடைத்துப் பார்த்தா வாங்குகிறார்கள்? விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது சொல்லிவிடும். பூமியைத் தட்டுவது நிலநடுக்கம். 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமில் ஒரு பெரும் நிலநடுக்கம் வந்தது. அதன் அதிர்வு பூமிக்குள் ஊடுருவிப் போய் ஐரோப்பாவில் இருந்த கருவிகளில் கோடாகப் பதிந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்தாம் அந்தக் கோடுகளை உட்கார்ந்து படித்தார். அதிர்வு ஒரே மொத்தமாக வரவில்லை, மூன்று தவணையாக வந்து சேர்ந்திருக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது பி அலை, அடுத்தது எஸ் அலை, கடைசியாக நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி வருவது. 1906இல் அவரே பூமியின் நடுவே வேறு தன்மையுள்ள ஒரு கருவம் இருக்கிறது என்று நிறுவினார். எஸ் அலை திரவத்துக்குள் போகாது. ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை தாராளமாகப் போகிற எஸ் அலை அதற்குக் கீழே செத்துவிடுகிறது. அங்கிருந்து உருகிய இரும்பு. அந்தத் திரவத்துக்கும் நடுவே கெட்டியான ஓர் உள்கருவம் இருப்பதை 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன் கண்டுபிடித்தார். வரவே கூடாத இடத்தில் வந்து பதிந்த மெலிந்த அலைகளுக்கு மற்றவர்கள் வேறு காரணம் சொல்லிவிட்டபோது, அவர் விடவில்லை.

இங்கே உங்கள் மகனின் புத்தகப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கவசத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசுவதால், நம் காலடியில் எரிமலைக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். எஸ் அலை கவசம் முழுவதும் ஊடுருவிப் போகிறதே, அது திரவமாக இருந்தால் எப்படிப் போகும்? கவசம் பாறைதான், கெட்டிதான். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகர்ந்து ஒழுகும் பாறை. சாலை போடும் இடத்தில் கெட்டித்த தாரைப் பார்த்திருப்பீர்கள். சம்மட்டியால் அடித்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பீப்பாயைச் சாய்த்துப் போட்டுவிட்டால் நாள்போக்கில் வழிந்துவிடும். அடிக்குப் பாறை, காலத்துக்குக் குழம்பு. இது ஒன்று மனதில் பட்டுவிட்டால் சியாலும் சிமாவும் மறந்துபோனாலும் பாதகமில்லை. ஆய்வாளர்களே இன்று அந்தச் சொற்களைப் பெரும்பாலும் புழங்குவதில்லை.

இப்போது வேருக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம்.

1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய ராணுவ அதிகாரியான வில்லியம் லாம்டன் பரங்கிமலையின் அடிவாரத்தில் இரும்புச் சங்கிலியை நீட்டி நிலத்தை அளக்கத் தொடங்கினார். நூறு அடிச் சங்கிலி. ஏழரை மைல் நேர்கோட்டை அளக்க அதை 400 முறை எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஏப்ரல், மே வெயிலில் 57 நாள். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதற்கு நிழல் கொடுத்து, வெப்பமானி வைத்துக் கணக்கில் கழித்தார்கள். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே வடக்கே இமயமலை வரை போனது அந்த மாபெரும் நில அளவை.

வடக்கே போனபோது ஒரு சிக்கல் வந்தது. மத்திய இந்தியாவில் கல்யாண்பூர், இமயத்துக்குத் தெற்கே சமவெளியில் கல்யாணா. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை முக்கோணக் கணக்கில் பார்த்தால் ஒன்று வந்தது. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் வேறு வந்தது. வித்தியாசம் கோணத்தில் 5.236 விகலை (ஒரு டிகிரியை 3,600 பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு விகலை), தரையில் ஏறக்குறைய 160 மீட்டர். நட்சத்திரத்தைப் பார்த்து அளப்பவருக்கு எது நேர் செங்குத்து என்று சொல்வது தூக்குக்குண்டு. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிறாரே, அதே தத்துவம். பக்கத்தில் இமயமலை போல ஒரு பாரம் இருந்தால் குண்டு அந்தப் பக்கம் இம்மியளவு சாயும். கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் ஹென்றி பிராட் நல்ல கணித வல்லுநர். இமயத்தின் பருமனை வைத்து எவ்வளவு சாயவேண்டும் என்று கணக்குப் போட்டார். 15.885 விகலை வந்தது. சாய்ந்திருப்பதோ அதில் மூன்றில் ஒரு பங்கு.

அவ்வளவு பெரிய மலைக்கு இழுவை ஏன் இத்தனை குறைவு? 1855இல் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி விடை சொன்னார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளைப் பாருங்கள். எந்தக் கட்டை வெளியே அதிகமாகத் தெரிகிறதோ, அது உள்ளேயும் அதிகமாக அமிழ்ந்திருக்கும். மலையும் அப்படியே. மேலே எவ்வளவு ஓங்கி நிற்கிறதோ அதைப்போலப் பல மடங்கு ஆழத்துக்கு அதன் அடிப்பகுதி கவசத்துக்குள் அமிழ்ந்திருக்கிறது. கனத்த கவசப் பாறை இருக்கவேண்டிய இடத்தை எடை குறைந்த பாறை பிடித்துக்கொண்டிருப்பதால் இழுவை குறைகிறது. அதுதான் வேர். பிற்பாடு நிலநடுக்க அலைகளும் அதை உறுதி செய்தன. கண்டங்களில் பொதுவாக 30, 40 கிலோமீட்டர் தடிமனுள்ள மேலோடு, திபெத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 கிலோமீட்டர்.

இனி உங்கள் மகனின் "எது ஜெயிக்கும்?". மிதக்கும் கட்டையின் தலையைச் சீவினால் என்ன ஆகும்? கட்டை கொஞ்சம் மேலே வரும். மழையும் ஆறும் ஒரு மலையிலிருந்து ஆயிரம் மீட்டர் பாறையை அரித்துக்கொண்டு போனால், பாரம் குறைந்த அந்த மலை அடியிலிருந்து 800 மீட்டருக்கு மேல் எழும்பிவிடும். குறைவது 200 மீட்டருக்கும் உள்ளேதான். பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளம் உருகி ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டு ஆகிறது. இன்னமும் போத்னியா வளைகுடாவின் வடபகுதியில் நிலம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு எழும்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே இரண்டும் மோதிக்கொள்ளும் எதிரிகள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மழை மேலே தேய்க்கத் தேய்க்கத்தான் வேர் மேலே வருகிறது.

அப்படி ஆழத்திலிருந்த பாறை மேலே வந்த இடம் ஒன்றைப் பார்க்க வேண்டுமா? லாம்டன் சங்கிலி நீட்டிய அதே பரங்கிமலை. அதை ஒட்டிய திரிசூலம், பல்லாவரம் குன்றுகள்.

இந்தக் குன்றுகளின் கல்லுக்கு உலகெங்கும் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவர் என்று வெகுகாலம் சொல்லப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து கொண்டுபோன கல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து 1893இல் அந்தப் பெயரை வைத்தார். (இதே பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தார். அது தனியாக எழுதவேண்டிய கதை.) இந்தக் கல்லில் உள்ள கனிமங்கள் 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், 20 கிலோமீட்டருக்கும் குறையாத ஆழத்தின் அழுத்தத்தில்தான் இப்படிச் சேரும். வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதாவது, கோலாவில் அத்தனை பாடுபட்டுத் தோண்டியும் எட்டமுடியாத ஆழத்தில் வெந்த பாறை, மின்சார ரயிலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அதன் மேல் ஒரு காலத்தில் 20 கிலோமீட்டர் பாறை இருந்திருக்கிறது. இன்றும் அதன் அடியில் 35 கிலோமீட்டர் அளவுக்கு மேலோடு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அன்று இங்கே இமயத்துக்கு நிகரான மலைத்தொடர் நின்றிருக்கும் என்று நினைக்க நிறைய இடமிருக்கிறது. அரிப்பும் நில அசைவுகளும் அதைக் கொண்டுபோய்விட்டன. மிச்சம் நிற்பது முந்நூறடிக் குன்று.

சில ஆண்டுகளுக்கு முன் திரிசூலத்தில் ஒரு பழைய கற்குழியின் ஓரத்தில் புதிதாக உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெயில்பட்ட பக்கம் பழுப்பேறிச் சொரசொரப்பாக இருந்தது. உடைந்த பக்கம் கரும்பச்சை. எண்ணெய்க் கையால் தடவியதுபோல ஒரு மினுக்கம். சாய்த்துப் பிடித்தால் வெள்ளையாக இருக்கவேண்டிய குவார்ட்சுகூட லேசான நீலம் காட்டியது. கையில் கனத்தது. வெகுநேரம் கீழே வைக்க மனம் வரவில்லை. அந்தக் குன்றுகளின் ஒரு பக்கத்தையே ஜல்லிக்காக உடைத்து எடுத்துவிட்டோம் என்பது எனக்கு இன்றும் தீராத வருத்தம்.

மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பரங்கிமலைப் படிகளில் ஏறினால் உச்சியில் லாம்டனின் சிலை இருக்கிறது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் விமான நிலையத்துக்கு அப்பால் திரிசூலம் தெரியும். கல்லைத் தொட்டுப் பார்க்க அவ்வளவு தூரம்கூட வேண்டாம். உங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் கொட்டியிருக்கும் கருநீல ஜல்லி பெரும்பாலும் இதே கல்தான். உடைந்த முகம் உள்ள துண்டாகப் பார்த்து எடுத்து, கழுவி, காலை வெயிலில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கற்குழிகளுக்கு மட்டும் அவனைத் தனியாக அனுப்பாதீர்கள். நீர் தேங்கிய குழிகளின் ஓரம் செங்குத்து, ஆழமும் அதிகம்.